எப்ப வந்தா நல்லா இருக்கும்?

1

மொரீஷியஸ் தீவில் ஒரு பயண அலுவலகத்தில், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுவதற்காக எனக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள். கேள்வி இதுதான்: "உங்கள் தீவுக்கு எந்த மாதம் வந்தால் நன்றாக இருக்கும்?" சூரத்திலிருந்து கேட்பார்கள், கோயம்புத்தூரிலிருந்து கேட்பார்கள். தேனிலவுக்கு வருகிறவர்கள் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வார்கள். நான் 'அன்புள்ள பயணி' என்று தொடங்கி ஒரு பதில் எழுதுவேன்.

போன வாரம் எனக்கு இங்கே பன்னிரண்டு வருடம் நிறைந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கேக்கில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தென்னை மரமும், சிரிக்கிற சூரியனும் வரைந்திருந்தார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம், இங்கே குளிர்காலத் தொடக்கம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அந்தச் சூரியனில் ஒரு துண்டைத் தின்றேன்.

பன்னிரண்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், உலகத்தில் மோசமான மாதம் என்று ஒன்று கிடையாது என்பது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இங்கே கோடை. வெயிலும் புழுக்கமும் கூட்டுச் சேர்ந்து ஆளை அவித்துவிடும். அதை 'இதமான வெப்பம்' என்று எழுத வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் வரும். அதற்கு 'இயற்கையின் கம்பீரம்' என்று பெயர். ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று கடற்கரை மணலை வாரி முகத்தில் அடிக்கும். அது தென்றல். மே மாதமும் அக்டோபரும்தான் உண்மையிலேயே நல்ல மாதங்கள். அவற்றைப் பற்றி அதிகம் எழுதக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. எல்லாரும் அப்போதே வந்துவிட்டால் மற்ற மாதங்களில் அறைகளை யார் நிரப்புவது?

2

இந்த வித்தையை நான் தீவில் கற்கவில்லை. ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்திலிருந்த ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் கற்றேன். எங்கள் வீடு அதே மலையில் தலைச்சோலை என்ற கிராமத்தில். அப்பா எஸ்டேட் வேலைக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா செல்வியும் அதே எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கப் போனாள். நான் மட்டும் 'உட்கார்ந்து செய்யற வேலை' வேண்டுமென்று தினமும் பஸ் பிடித்து டவுனுக்குப் போய் மேசைக்குப் பின்னால் நின்றேன். உட்கார அங்கே நாற்காலி இல்லை.

லாட்ஜ் மேனேஜர் சேலத்துக்காரர். பன்னிரண்டு மாதமும் குரங்குக் குல்லா போட்டிருப்பார். மூடுபனி பார்க்க ஆசைப்பட்டு, கீழே சமவெளியிலிருந்து போன் வரும்.

"ஏனுங், மேல மிஸ்ட் இருக்குதுங்களா?"

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "நீங்க வந்தா இருக்குமுங்க."

அவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்வார்கள். மிஸ்ட் இருக்காது. வெயில் பளீரென்று அடிக்கும்.

"இப்பத்தானுங்க போச்சு. ஒரு பத்து நிமிசம் முன்னால வந்திருக்கோணும்" என்பார் மேனேஜர், உண்மையாகவே வருத்தப்படுகிற முகத்தோடு. வந்தவர்கள் டிரைவரைத் திட்டுவார்கள். மிஸ்ட்டைத் திட்டியவர் ஒருவரும் இல்லை.

மே மாதம்தான் சீசன். சேலத்து வெயிலுக்குப் பயந்து சேலமே மேலே வந்துவிடும். மேலே வந்த சேலம் ஏரிக்கரையில் படகுக்கு வரிசையில் நின்று வியர்க்கும். மலர்க் கண்காட்சியில் பூவைவிட முதுகுகளை அதிகம் பார்க்கும். கையில் பகோடா பொட்டலத்தோடு அலைவதால் பகோடா விருந்தாளிகள் என்று நாங்கள் அவர்களைக் கேலி செய்வோம். எங்கள் பிழைப்பும் அந்த ஒரு மாதத்தில்தான் இருந்தது என்பதால் சத்தமில்லாமல் கேலி செய்வோம். நான் அந்த ஏரியில் படகு ஏறியதில்லை. அக்காவும் ஏறியதில்லை. ஊர்க்காரர்கள் ஏறினால் வெளியூர்க்காரர்களுக்கு இடம் போய்விடும் என்கிற மாதிரி ஒரு கூச்சம்.

3

இங்கேயும் அதே கதைதான். தீவு முழுக்கக் கடற்கரை என்று எழுதுகிறவன் குடியிருப்பது தீவின் நடுவில், மேட்டுநிலத்து ஊர் ஒன்றில். வாடகை குறைவு என்பதால் அங்கே போனோம். ஏன் குறைவு என்பது முதல் வாரமே புரிந்துவிட்டது. வருடத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் மழை வருகிற மாதிரி. பீரோவில் வைத்த பெல்ட்டில் பச்சைப் பூசணம் பூக்கும். கடலைப் பார்க்க பஸ்ஸில் ஒரு மணி நேரம் போக வேண்டும். நான் கடைசியாகக் கடலில் கால் நனைத்தது எப்போது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் நான் ஊருக்குச் சொல்லவில்லை. வந்த புதிதில் அலுவலகப் படம் ஒன்றை அக்காவுக்கு அனுப்பினேன். வெள்ளை மணல், நீலக் கடல், ஓர் ஊஞ்சல். "இது உன்ற ஊட்டுக்குப் பின்னாலயா கண்ணு?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் அந்த ஒரு நொடியில் "ஆமாங்க்கா" என்றேன். பிறகு பொய்க்குத் தீனி போட வேண்டியதாயிற்று. மாதம் ஒரு படம் அனுப்பினேன். ஒரு தடவை மறந்துபோய் வேறு தீவின் படம்கூடப் போய்விட்டது. வேலையைக் கேட்டபோது மேனேஜர் என்றேன். இந்தியப் பயணிகள் பிரிவில் நானும் ஒரு பிரிண்டரும்தான் இருக்கிறோம், அதனால் ஒருவகையில் அது பொய்யில்லை.

என் மனைவி இந்தத் தீவில் பிறந்தவள். அவள் பெயரில் தமிழ் இருக்கிறது, வாயில் இல்லை. மகள் மீராவுக்கு ஒன்பது வயது. பள்ளியில் பிரெஞ்சு, வீட்டில் கிரியோல், என்னிடம் இரக்கப்பட்டு நாலு வார்த்தை தமிழ். அவள் பள்ளியில் 'என் நாட்டின் பருவநிலை' என்று படம் வரையச் சொன்னார்கள். எங்கள் ஜன்னலில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்க, அவள் தென்னை மரமும் சிரிக்கிற சூரியனும் வரைந்தாள். தொழில் பரம்பரையாக இறங்கிவிட்டது.

4

அக்கா வருடத்துக்கு இரண்டு தடவை கேட்பாள். "நானும் ஒருக்கா வந்து பாக்கோணுமே. எப்ப வந்தா நல்லா இருக்கும்?"

"இப்ப வேண்டாங்க்கா, புயல் மாசம்" என்பேன் பிப்ரவரியில். "குளிர்க் காத்து, உங்களுக்கு ஆகாது" என்பேன் ஜூலையில். டிசம்பரில் எனக்கு சீசன், லீவு கிடையாது. நல்ல மாதமான மே மாதத்தில் அவளுக்கு ஏற்காட்டு சீசனாம், அவளுக்கென்ன சீசன் என்று நான் கேட்டதில்லை. அக்டோபரைச் சொன்னால் காபி பழுக்க ஆரம்பித்துவிடும், பறிப்புக்கு ஆள் தேட வேண்டும் என்பாள். அது முடிந்தால் மிளகு, மிளகு முடிந்தால் பூ மழை. காபிச் செடியில் பூ வெடிக்க மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்ய வேண்டும். எங்களுக்கென்று இருக்கும் இரண்டு ஏக்கருக்கும் அதுதான் உயிர். அந்த மழைக்குக் காத்திருக்கும்போது எங்கள் ஊரில் யாரும் வெளியூர் போவதில்லை, போனால் மழை கோபித்துக்கொள்ளும் என்பதுபோல.

ஒரு தடவை அவள் விடாமல் கேட்டாள். எனக்கு அன்று நாற்பது கடிதம். அலுப்பில், அலுவலகத்தில் தமிழ்ப் பயணிகளுக்கு வைத்திருந்த பதிலை அப்படியே எடுத்து அவளுடைய வாட்ஸப்பில் ஒட்டிவிட்டேன். 'அன்புள்ள பயணி, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. எங்கள் தீவு ஆண்டு முழுவதும் தங்களை வரவேற்கக் காத்திருக்கிறது...' அக்கா மகள் திவ்யா அதைப் படித்துக் காட்டியிருக்கிறாள். பதிலுக்கு ஒரு கட்டை விரல் படம் வந்தது. நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

நான் ஊருக்கு வருகிறேன் என்று சொன்னாலும் அவளிடம் காரணம் தயாராக இருக்கும். "இப்ப வராத சாமி, மேலு ஓட்டுல ஒழுகுது." "மலைப் பாதையில மண்ணு சரிஞ்சு கெடக்குது." "மே மாசமா? ஐயோ, கூட்டம் நொம்ப." எனக்கு அது நியாயமாகவே பட்டது. சீசன் தெரிந்த குடும்பம் அல்லவா?

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். "எப்ப வர்றே சாமி?" என்பார். "டிசம்பர் சீசன் முடியட்டுங்ப்பா" என்பேன். ஏழு வருடத்துக்கு முன்பு, சீசன் முடிவதற்குள் ஜனவரியில் அவர் முடிந்துவிட்டார். சுற்றுலாப் பயணிகள் எல்லா விமானங்களையும் நிறைத்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரை ஜனவரியில் வரச் சொல்லிக் கடிதம் எழுதியவன் நான்தான். எனக்கு இடம் கிடைத்துத் தலைச்சோலைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் ஆகி மூன்றாம் நாள். அன்று மலை முழுக்க அப்படி ஒரு மிஸ்ட். அப்படித் தாமதமாகப் போய் நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு நானும் அக்காவும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

5

இந்த வருடம் ஜனவரி கடைசியில் அக்கா கேட்கவில்லை, சொன்னாள். "டிக்கெட்டுப் போட்டாச்சு. பிப்ரவரி."

"அக்கா, அது புயல் மாசங்க்கா!"

"அதான் டிக்கெட்டு சல்லிசா கெடச்சுதாமா. திவ்யாதான் போட்டா."

பாஸ்போர்ட்டெல்லாம் எனக்குத் தெரியாமலே எடுத்து முடித்திருந்தாள். விசாரணைக்குத் தலைச்சோலை வரைக்கும் பைக்கில் ஏறி வந்த போலீஸ்காரர், எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டாராம். தம்பியைப் பார்க்க என்றாளாம். "அங்க க்ளைமேட் எப்படிங்க?" என்று அடுத்த கேள்வி. "அது அவனுக்கே தெரியாதுங்க. மாசத்துக்கு ஒண்ணு சொல்றான்" என்று பதில் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள்.

இங்கே விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி அவளுடைய தாள்களைப் புரட்டிவிட்டு, "பிப்ரவரியிலா?" என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை கேட்டாராம். அடுத்த மேசையில் அவள் கொண்டுவந்த மிளகுப் பையைப் பிடித்துக்கொண்டார்கள். தீவுக்குள் செடி, கொட்டை, விதை எது வந்தாலும் மூன்று படிவம் நிரப்ப வேண்டும். அங்கேயிருந்து எனக்குப் போன் வந்தது. "இந்த மிளகு எந்த நோக்கத்துக்காகக் கொண்டுவரப்பட்டது?" என்று ஓர் அதிகாரி கேட்டார். நான் அக்காவிடம் கேட்டேன்.

"ரசத்துக்குன்னு சொல்லு" என்றாள்.

அந்தப் படிவத்தில் ரசத்துக்குக் கட்டம் இல்லை. மிளகு அங்கேயே நின்றுவிட்டது. காபித்தூள் மட்டும் தப்பியது.

அவள் இறங்கியபோது புயல் எச்சரிக்கை ஒன்றாம் எண். மறுநாள் இரண்டு, பள்ளியை மூடிவிட்டார்கள். அதற்கடுத்த நாள் காலையில் மூன்று. மூன்றாம் எண் ஏற்றினால் யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது. கரண்ட் போனது. நாங்கள் நான்கு பேரும் அந்தச் சின்ன வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். வந்த நாளிலிருந்து அக்கா சுவரைப் பார்த்தாள், பூசணத்தைப் பார்த்தாள், பாத்திரத்தில் சொட்டிய தண்ணீரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது எனக்குப் புயலைவிடப் பயமாக இருந்தது.

"லாப்லி பே தோம்பே, அத்தை" என்றாள் மீரா, ஜன்னலைக் காட்டி. மழை பெய்கிறது என்று அர்த்தம்.

"அது தெரியுது கண்ணு. மொழி தெரியாட்டியும் மழை தெரியுமல்லோ" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "கடலு எங்கடா?"

"பஸ்ஸுல ஒரு மணி நேரம் போகோணுங்க்கா."

"ஊஞ்சலு?"

"அது ஆபீஸ் போட்டோங்க்கா."

"மேனேஜரு?"

நான் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். காற்று கதவைப் போட்டு உலுக்கியது.

"ஊடு ஒழுகறது ஒரு குத்தமாடா? நம்முளுது ஒழுகலையா?" என்றாள். குரல் உயரவில்லை. "வர வேண்டாம், வர வேண்டாம்னு பன்னெண்டு வருசம். புயலுங்கறே, காத்துங்கறே. அப்பன் என்ன சீசன் பாத்துக்கிட்டா போனாரு? கூடப் பொறந்தவளுக்கே 'அன்புள்ள பயணி'ன்னு எழுதுனவன்டா நீ. திவ்யா படிக்கப் படிக்க, யாருக்கோ வந்த கடுதாசின்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மகளுக்கு முன்னால் அழக் கூடாது என்று பாத்திரத்துத் தண்ணீரைக் கொட்டப் போனேன். திரும்பி வந்தபோது அக்கா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லோணும்" என்றாள். "உன்ற ரூம்பு இருக்குதல்லோ. அதை வாடகைக்கு உட்டிருக்கோம்."

"யாருக்கு?"

"வர்றவங்களுக்கு. ஹோம் ஸ்டேன்னு. அப்பா போன மறு வருசத்துல இருந்து. திவ்யாதான் போனுல போட்டு உட்டா. நீ வந்தா எங்க படுப்பேன்னுதான் ஒழுகுது, சரிஞ்சு கெடக்குதுன்னு சொன்னேன். உன்ற ரூம்புல எவனோ படுக்கறான்னு தெரிஞ்சா வருத்தப்படுவியேன்னு."

"மண்ணு சரியவே இல்லையா?"

"ஒருக்கா சரிஞ்சுது. ஒரு லாரி மண்ணு. அன்னைக்கே அள்ளிட்டாங்க."

முதலில் யார் சிரித்தது என்று நினைவில்லை. ஆளுக்கொரு வரவேற்பு மேசை போட்டு, அக்காளும் தம்பியும் ஒருவரை ஒருவர் ஏழு வருடம் காத்திருக்க வைத்திருக்கிறோம். மீரா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. என் மனைவி மெழுகுவத்தி வெளிச்சத்தில் தப்பிவந்த காபித்தூளைப் போட்டுக் காபி கலந்தாள். புயல் எங்கள் ஊரைத் தொடாமல் ஒதுங்கிப் போனதாக மறுநாள் ரேடியோவில் சொன்னார்கள்.

போகும் முன்பு கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். அன்று வெயில். அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் வரை நின்றாள். ஐந்து நிமிடத்தில் போதும் என்றாள். "நல்லாத்தான் இருக்குது. ஆனா இதுல என்னத்தப் பாக்கறாங்க, மணிக்கணக்கா?"

6

அக்கா திரும்பிப் போனதும், ஊருக்குப் போக மே மாதத்துக்கு லீவு கேட்டேன். மீராவின் பள்ளியில் மே மாதம் விடுமுறை இல்லை. தலைமை ஆசிரியைக்கு ஒரு கடிதம், அந்தக் கடிதத்தோடு இணைக்க ஒரு படிவம். 'பயணத்தின் கல்விசார் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'பருவநிலை' என்று எழுதினேன். உடனே கிடைத்துவிட்டது.

அக்காவிடம் போனில் சொன்னேன்.

"மே மாசம் ரூம்பு புல்லா இருக்குதே கண்ணு."

"நான் ஹால்ல படுத்துக்கறங்க்கா."

"அப்ப வா" என்றாள்.

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் மீராவும் மட்டும் கிளம்பினோம். சேலத்திலிருந்து பஸ் மலையேற இரண்டரை மணி நேரம் ஆனது. எல்லாக் கொண்டை ஊசி வளைவிலும் கார்கள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. மீரா ஒன்பதாவது வளைவில் வாந்தி எடுத்தாள். பிறகு சன்னலோரம் காபிச் செடியைக் காட்டியபோது, இதுதான் காபியா என்பதுபோலச் சந்தேகமாகப் பார்த்தாள். நானும் எங்கள் ஊருக்கு முதல் முறையாக சீசனில் வந்தேன், சுற்றுலாப் பயணிகளின் நெரிசலில் ஒருவனாக.

மறுநாள் காலை ஹாலில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். என் அறைக் கதவு திறந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர், கழுத்துவரை ஜிப் போட்ட ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக வெளியே வந்தார். நெற்றியில் வியர்வை. வாசலுக்குப் போய் மலையைப் பார்த்தார். மலை துல்லியமாகத் தெரிந்தது. ஏமாற்றத்தோடு திரும்பினார்.

"சார், நீங்க இந்த ஊரா?"

"ஆமாங்க."

"மிஸ்ட்டே இல்லையே சார். ஏற்காட்டுக்கு எப்ப வந்தா நல்லா இருக்கும்?"

இருபது வருடப் பழக்கம். 'இப்பத்தானுங்க போச்சு' என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஏனுங், அவங்கிட்டக் கேக்காதீங்க. அவனே இப்பத்தான் வந்திருக்கறான்."

அவர் புரியாமல் சிரித்தார். எனக்குப் புரிந்தது. சுருக்கென்று தைத்தது. சுருட்டிய பாயைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் வீட்டு ஹாலில் நின்றேன். பாய் வைக்கும் இடம் ஏழு வருடத்தில் மாறியிருந்தது.

அக்கா தட்டில் காபி கொண்டுவந்தாள். சென்னைக்காரருக்குப் பூப்போட்ட கோப்பை, அடியில் சாசர், பக்கத்தில் இரண்டு பிஸ்கட். அவர் மனைவிக்கும் அதேபோல. "எடுத்துக்கங்க, நம்ம தோட்டத்துக் காபிதானுங்க" என்று அவ்வளவு மரியாதை. கடைசியாக என்னிடம் ஒரு எவர்சில்வர் தம்ளரை நீட்டினாள். முக்கால் தம்ளர்தான் இருந்தது.

"பாலு தீந்துருச்சு. இதைக் குடிச்சுப்போட்டு, கொல்லையில நனைச்சு வெச்ச பெட்சீட்டைப் புழிஞ்சு கொடியில போடு. மத்தியானம் மழை வரும். அந்தப் புள்ளையையும் கூட்டிக்க, ஒரு முனையப் புடிக்கட்டும். பாயி கதவுக்குப் பின்னால வெக்கறது."

பன்னிரண்டு வருடமாக நான் எழுதிய எந்தப் பதிலிலும், அன்புள்ள பயணியிடம் யாரும் பெட்ஷீட்டைப் பிழியச் சொன்னதில்லை. காபியைக் குடித்தேன். பாயைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். நானும் மீராவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்து, யாரோ படுத்த பெட்ஷீட்டுகளை வரிசையாகக் கொடியில் போட்டோம். அக்கா சொன்னபடியே மத்தியானம் மழை வந்தது. "எடு, எடு, நனையுது பாரு!" என்று அவள் அடுப்படியிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டே ஓடிவந்தாள். நானும் ஓடினேன்.